இரண்டு வலது கைகள்

ஜூன் 2, ஞாயிறு

அண்ணன் சாயங்கால பஸ்ஸில் ஓசூர் கிளம்பிப் போனான். அம்மா ஏப்ரலில் இறந்ததிலிருந்து லீவு போட்டு என்னோடு இருந்தான். இனி லீவு இல்லை.

அண்ணன் ஜெபசிங்குக்கு ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வீட்டிலும் அதைத்தான் செய்வான். கிளம்பும்முன் கேஸ் சிலிண்டரை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். பாத்ரூமில் நான் பிடித்துக்கொள்ளப் புதிதாகப் போட்ட கம்பியில் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினான். கம்பி தாங்கியது. சுவர் கொஞ்சம் பெயர்ந்தது. சிமெண்ட் பூசிவிட்டுக் கிளம்பினான்.

எனக்கு முப்பத்தெட்டு வயது. பிறந்த நேரத்தில் மூளைக்கு மூச்சு எட்டவில்லை என்று டாக்டர் சொன்னாராம். இடது கை மூடியே இருக்கும். கால்கள் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. பிடிமானம் இருந்தால் நிற்பேன், இல்லாவிட்டால் சக்கர நாற்காலி. பேச்சு இழுக்கும், போனில் பேசினால் குடித்திருக்கிறேன் என்று நினைப்பார்கள். வலது கை நன்றாக இருக்கிறது. அதை வைத்து நம்பிராஜன் அண்ணாச்சியின் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே கல்யாணப் பத்திரிகை, நினைவு அஞ்சலி எல்லாம் டைப் அடித்துக் கொடுக்கிறேன். இதை அடிப்பதும் அதே கைதான்.

இந்த வீட்டில் நான் தனியாக இருக்க முடியுமா என்று கிறிஸ்துமஸ் வரை பார்ப்பதாகப் பேச்சு. சரிப்படாவிட்டால் நாசரேத் பக்கம் பெண்களுக்கான ஓர் இல்லம் இருக்கிறது. மதினி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ரொம்பச் சுத்தமாம்.

காலையும் மாலையும் உதவிக்கு வீட்டுத்துணை சேவையிலிருந்து ஆள் வரும். அதுவும் அண்ணன் ஏற்பாடு. நாளை முதல்.

ஜூன் 3, திங்கள்

வந்த ஆளின் பெயர் பேச்சித்தாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். வண்ணார்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறாள். சேவைக்காரர்கள் கொடுத்த ஊதாக் கோட்டைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். என்னை மேடம் என்றாள். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"என்ன சமைக்கணும் மேடம்?"

எதுனாலும் என்றேன்.

"எதுனாலும்னு ஒரு கொழம்பு எனக்கு வைக்கத் தெரியாது மேடம்" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

யோசித்தேன். அம்மா இதைக் கேட்டதில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று அம்மாவுக்கே தெரியும். பேச்சித்தாய் கொட்டாவி விட்டாள். கடைசியில் புளிக்குழம்பு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குப் புளிக்குழம்பு பிடிக்காது.

சாப்பிட்டேன். உப்பு அதிகம்.

ஜூன் 5, புதன்

நைட்டிக்கு நான்கு பொத்தான். பேச்சித்தாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் போன்றவர்களால் முடிகிற வேலையை அவர்கள் செய்யக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். என்னால் முடியாது என்றேன். முடியலன்னா சொல்லுங்க, செய்யுதேன் என்றாள். அதைத்தான் சொன்னேன் என்றேன். போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க என்றாள்.

அம்மா போட்டால் ஒரு சின்ன ஜெபம் சொல்லும் நேரம் ஆகும். நான் மூன்றைப் போடுவதற்குள் பேச்சித்தாய் போனில் ஒரு சீரியலைப் பெரும்பாலும் பார்த்து முடித்தாள். நான்காவதை அவள் போட்டாள். தப்பான துளையில் போட்டாள். நான் சொல்லவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. போனால் எல்லாரும் அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள். டைப் வேலை இருந்தது என்று அண்ணனிடம் சொன்னேன். வேலை இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

டீ போட்டேன்.

அம்மா இருந்தவரை என் நாற்காலி அடுப்படிக்குள் நுழைந்ததில்லை. நெருப்பு இருக்குல்லா என்பாள். வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பேன். இப்போது பேச்சித்தாய் ஒரு தாழ்வான மேசையில் இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துக் கொடுத்திருக்கிறாள். அதில் நெருப்பே கிடையாது. அம்மா இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். வேறு ஏதாவது சொல்லியிருப்பாள்.

முதல் டீ வாயில் வைக்க முடியவில்லை. குடித்தேன். இரண்டாவதில் இஞ்சியைத் தட்டிப் போட்டுச் சர்க்கரையைக் குறைத்தேன். அம்மா போடுவது நல்ல இனிப்பாக இருக்கும். எனக்கு இனிப்பு குறைவாகத்தான் பிடிக்கிறது என்பது இன்று தெரிந்தது.

விரலில் ஒரு கொப்புளம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போல் அண்ணன் போன் செய்தான். கொப்புளம் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

அச்சகத்திலிருந்து மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு நினைவு அஞ்சலி வந்தன. அஞ்சலியில் "உன் மடியின்றித் தவிக்கும் மக்கள்" என்று ஒரு வரி. அண்ணாச்சியின் அச்சகத்தில் எல்லா அஞ்சலியிலும் மக்கள் தவிப்பார்கள். அம்மாவுக்கு அடித்தபோது அண்ணன் அந்த வரியைச் சேர்க்கச் சொன்னான். இடம் கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இடம் இருந்தது.

ஜூலை 11, வியாழன்

இன்று அச்சக வேலை எதுவும் அடிக்கவில்லை.

மத்தியானம் பாத்ரூமில் வழுக்கிவிட்டது. கொஞ்ச நேரம் தரையில் இருந்தேன். போன் கட்டிலில் கிடந்தது. ஒருமுறை அடித்து ஓய்ந்தது, அண்ணாச்சியாக இருக்கும். பாத்ரூம் ஜன்னலில் வரும் வெயில் முதலில் மேல் சுவரில் இருந்தது. பிறகு குழாய்க்கு இறங்கியது. பிறகு வாளிக்கு. பிறகு இல்லை. இவ்வளவு நாளும் அந்த ஜன்னலில் வெயில் வருவதை நான் கவனித்ததில்லை.

சாயங்காலம் பேச்சியக்கா தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் "ஏட்டி" என்றாள். அதன்பிறகு அவள் வாயில் மேடத்தைக் காணோம்.

அவள் தூக்கி உட்காரவைத்தாள். கால் கைகளை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தாள். எதுவும் ஒடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள், வேண்டாம் என்றேன். சூப்பர்வைசருக்குச் சொல்லியாக வேண்டும், அதுதான் முறை என்றாள். அவருக்குச் சொன்னால் அவர் அண்ணனுக்குச் சொல்வார், நான் நாசரேத் போவேன் என்றேன்.

என் முதுகைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். முதுகு காய்ந்து ரொம்ப நேரம் ஆகியும் துடைத்தாள்.

"ஈரத்தோட இருந்தா சளி புடிக்கும்" என்றாள் கடைசியில்.

சொல்லமாட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அண்ணன் போனில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். தோசை என்றேன். அது உண்மை.

ஜூலை 12, வெள்ளி

பேச்சியக்கா ஒரு துணிப்பை தைத்துக்கொண்டு வந்து, போனை அதில் போட்டு என் கழுத்தில் மாட்டிவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தண்ணீர் பாட்டிலோடு போவது மாதிரி இருக்கிறது. துணி, அவளுடைய பழைய ஜாக்கெட் துணி. பச்சை.

ஜூலை 24, புதன்

பேச்சியக்கா தாமதம். ஷேர் ஆட்டோ நிறையும்வரை எடுக்கமாட்டேன் என்றானாம். வந்த கோபத்தில் ரசத்திலும் உப்பை அள்ளிப் போட்டாள். இனி உப்பு மட்டும் நான் போடுகிறேன் என்றேன். போட்டுக்கோ, எனக்கென்ன என்றாள்.

அவளுக்கு ஒரே மகள், தென்காசியில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். வீட்டுக்காரர் திருப்பூரில் இருக்கிறார். பொங்கலுக்கு வருவார். எந்தப் பொங்கலுக்கு என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பேச்சியக்கா வரவில்லை. சூப்பர்வைசர் போன் செய்தார். அவள் வந்த ஷேர் ஆட்டோ வண்ணார்பேட்டையில் கவிழ்ந்துவிட்டதாம். இடது கை முறிந்து மாவுக்கட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை. நாளையிலிருந்து வேறு ஆள் வரும் என்றார். அவளுக்குக் கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. கண்டிப்பா வந்துருவாங்க மேடம் என்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

புதுப் பிள்ளையின் பெயர் சிந்துஜா. நர்சிங் உதவியாளர் படிப்பு படித்திருக்கிறாள். நான் வாயைத் திறப்பதற்குள் பல் விளக்கி முடித்துவிட்டாள். குளிப்பாட்டி, உடுத்தி, தலை பின்னி, இட்லியைப் பிட்டு ஊட்டி, வாயையும் துடைத்துவிட்டாள். எல்லாப் பொத்தானும் சரியான துளையில் இருந்தது. சாம்பாரில் உப்பு சரி.

என்னிடம் அவள் எதையும் கேட்கவில்லை. கேட்க அவசியமே வரவில்லை.

அம்மா மாதிரியே இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

சிந்துஜா நல்ல பிள்ளை. என்னைத் தங்கம் என்கிறாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

சிந்துஜா போனபிறகு, அவள் போட்ட பொத்தான்களை எல்லாம் கழற்றினேன். நானே மறுபடி போட்டேன். நான்கும்.

அது முடிந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பேச்சியக்கா பார்க்க வந்தாள். கழுத்திலிருந்து தூளி கட்டி அதில் கை. வரும்போது பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் பன் வாங்கி வந்திருந்தாள். நோயாளி அவள்தான், பன் எனக்கு.

கட்டுப் பிரிக்கும்வரை வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் சும்மா இருந்து சீரியல் பார்க்கிறாள். சீரியலில் எல்லாரும் அழுதுகொண்டே இருக்கிறார்கள், தாங்க முடியவில்லை என்றாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொம்ம மாதிரி வச்சிருக்காளே" என்றாள்.

நான் டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். அப்புறம் நான் சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். அண்ணன் லீவில் வந்திருக்கிறான், கொஞ்ச நாளைக்கு ஆள் வேண்டாம் என்றேன். பொய் சொல்லும்போது என் பேச்சு இன்னும் இழுக்கும். அவர், சரி மேடம், நீங்க ரெஸ்ட் எடுங்க என்றார்.

பேச்சியக்கா ஒரு கையால் டம்ளரைக் கழுவப் போனாள். டம்ளர் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுப் பிரிக்கும்வரை அவளே காலையும் மாலையும் வருவதென்றும், அச்சகத்தில் வருவதில் அவளுக்குப் பங்கு வைப்பதென்றும் பேசிக்கொண்டோம். அவள் வேண்டாம் என்றாள். பிறகு சரி என்றாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எங்கள் இருவருக்கும் சேர்த்து இரண்டு கை இருக்கிறது. இரண்டும் வலது கை.

இது சுலபமில்லை. வெங்காயத்தை அவள் பிடிக்க, நான் வெட்ட வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்தால் என் கத்தி அவள் விரலுக்கு நேரே போகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கை இடிக்கிறது. அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, என் தோளுக்கு மேலாகக் குனிந்து பிடித்தபோதுதான் சரிவந்தது. இருவருக்கும் கண் எரிந்தது.

தலை பின்ன மூன்று கால் முடியில் ஒன்றை நான் பிடித்துக்கொள்கிறேன். பின்னல் ஒரு பக்கமாகப் போகிறது. தேங்காயைக் கைவிட்டோம்.

ஆகஸ்ட் 28, புதன்

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே மாறினேன்.

பேச்சியக்காவால் என்னைத் தூக்க முடியாது, இத்தனை நாளும் அவள் தோளில் தொங்கி மாறியதில் அவள் கை வலி கூடிவிட்டது என்பதால் வேறு வழியில்லை. அவள் நல்ல கையை என் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். கை முதுகில் படவில்லை. கட்டில் தலைமாட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்து, திரும்பி, உட்கார்ந்தேன். உட்கார்ந்தபிறகு பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது.

செப்டம்பர் 7, சனி

அண்ணன் வந்தான். சொல்லாமல் வந்தான். நேற்று சூப்பர்வைசர் அவனுக்குப் போன் போட்டு, நீங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டீர்களா, ஆள் அனுப்பலாமா என்று கேட்டாராம். அண்ணன் ஓசூரில் தொழிற்சாலைக்குள் நின்றுகொண்டு அதைக் கேட்டிருக்கிறான். ராத்திரியே பஸ் ஏறிவிட்டான்.

அவன் உள்ளே வந்தபோது நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். பேச்சியக்கா தூளி கட்டிய கையோடு தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் பையைக் கீழே வைக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான், எண்ணெயைப் பார்த்தான், மறுபடி எங்களைப் பார்த்தான்.

"இவங்க உன்னப் பாத்துக்கிடுதாங்களா, நீ இவங்களப் பாத்துக்கிடுதியா?"

"முறை வச்சு" என்றேன்.

அப்பளம் கருகிவிட்டது.

அண்ணன் சத்தம் போடுகிறவன் இல்லை. பேச்சியக்காவிடம், நீங்க வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, அடுப்ப அணைச்சிரு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். அணைத்தேன். அண்ணன் வந்து சுவிட்சையும் அணைத்தான்.

திங்கட்கிழமை நாசரேத் போகிறோம். இல்லத்தில் ஒரு கட்டில் காலி இருக்கிறதாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

அண்ணன் சமைத்தான். எனக்கு ஊட்ட வந்தான். வேண்டாம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சாப்பிட மறந்துவிட்டான்.

செப்டம்பர் 9, திங்கள்

வாடகைக் காரை எடுத்து அண்ணனே ஓட்டினான்.

குறை சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொல்ல ஒன்றுமில்லை. இல்லம் நன்றாக இருக்கிறது. எங்கும் சரிவுப் பாதை போட்டிருக்கிறார்கள். எனக்கான கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேம்பு. என்னைப் போலவே இருக்கும் ஓர் அம்மா, ஞானசெல்வம் என்று பெயர், மரத்தடியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். எங்கம்மா போனபெறவு வந்தேன் என்றாள். இங்க ஒரு கவலையும் இல்ல, எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க என்றாள். சிரித்த முகம். பொய் சொல்கிற ஆள் இல்லை.

மணி அடித்ததும் சாப்பாடு. மீன் குழம்பு, பீன்ஸ், ரசம். தட்டில் எல்லாம் வைத்தே கொண்டுவந்தார்கள். உப்பு, காரம் எல்லாம் அளவு. மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

திரும்பும்போது பாதி தூரத்தில், இல்லம் எப்படி என்று அண்ணன் கேட்டான். நல்லாருந்துச்சு என்றேன். அப்ப சரி என்று சொல்லலாமா என்றான். வேண்டாம் என்றேன். நல்லாருந்துச்சுன்னு சொன்னியே என்றான். நல்லாத்தான் இருந்துச்சு என்றேன். அண்ணன் காரை ஓரமாக நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி ஓட்டினான்.

வீட்டுக்கு வந்து என்னை இறக்கி உட்காரவைத்தபிறகு, என் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா கடைசியா என்ட்ட என்ன கேட்டா தெரியுமா? அவளத் தனியா விட்டுறாதன்னா. சரின்னு சொல்லிட்டேன், பியூலா. நான் என்ன செய்ய?"

அம்மா அவனிடம் அப்படிக் கேட்டது எனக்கு இன்றுதான் தெரியும்.

"உன்ட்டதான கேட்டா" என்றேன். "என்ட்ட யாரும் கேக்கலயே."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, நீ விழுந்தா என்றான். நான் விழுந்தேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னேன். புரிந்திருந்தது. எப்போது, எங்கே என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானம் விழுந்ததிலிருந்து சாயங்காலம் பேச்சியக்கா வரும்வரை பாத்ரூம் தரையில் கிடந்ததை, போன் கட்டிலில் அடித்ததை, அவளைச் சொல்லவேண்டாம் என்று தடுத்ததை. இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். பேச்சு இன்னும் மெதுவாக வந்தது. அவன் ஒரு வார்த்தையையும் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தான். வழக்கமாக என் வாக்கியங்களை அவன்தான் முடிப்பான்.

"அவ்வளவு நேரம் என்ன நெனச்சுக்கிட்டுக் கெடந்த?" என்றான்.

"அம்மா இல்லாதது நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன்."

இதை நான் சொல்வதாக இல்லை. என் வாய் மற்ற நேரம் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

"அவ இருந்தா அதுக்கப்புறம் என்னப் பாத்ரூமுக்குக்கூடத் தனியா விட்டிருக்க மாட்டா. அவ போனபெறவுதான்ணே நான் டீ போடுதேன். எனக்குச் சர்க்கரை கம்மியாத்தான் புடிக்கும்னு இப்பதான் எனக்கே தெரியும்."

அண்ணன் என் நாற்காலியின் பிரேக்கை அமுக்கிப் பார்த்தான்.

"ஒரு தடவ அவளுக்கும் போட்டுக் குடுத்திருக்கலாம்" என்றேன்.

அண்ணன் எழுந்து வெளியே போனான். ரொம்ப நேரம் வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். முன் கண்ணாடி, கதவு, சக்கரம் எல்லாவற்றையும்.

அது வாடகைக் கார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

அண்ணன் இல்லத்துக்குப் போன் செய்து, கட்டிலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான். அடுப்படியில் நின்று பேசினான். எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் அங்கே நின்றானா என்று தெரியவில்லை. கேட்டது.

பிறகு மதினியிடம் பேசினான். மதினியின் குரலும் கேட்டது. அதை எழுத வேண்டாம்.

செப்டம்பர் 11, புதன்

கொத்தனார் வந்து பாத்ரூமில் சொரசொரப்பான ஓடு ஒட்டினார். அண்ணன் ஓட்டின்மேல் சோப்புத் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு நடந்து பார்த்தான். ஓடிப் பார்த்தான். வழுக்கவில்லை. வேண்டுமென்றே வழுக்கப் பார்த்தான்; அப்போதும் வழுக்கவில்லை. கொத்தனார் பார்த்துக்கொண்டே நின்றார்.

பக்கத்து வீட்டு எமிலி டீச்சரிடம் ஒரு சாவி கொடுத்தாயிற்று. நான் மத்தியானம் ஒருமுறை அவர்களுக்கு மிஸ்டு கால் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் வந்து பார்ப்பார்கள்.

சாயங்காலம் அண்ணனே வண்ணார்பேட்டை போய்ப் பேச்சியக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். உள்ள வாங்கக்கா என்றான். நான் மூன்று பேருக்கும் டீ போட்டேன். அண்ணன் வாயில் வைத்துவிட்டு, சர்க்கரை போட மறந்துட்டியா என்றான். பேச்சியக்கா அவனுக்கு மட்டும் சர்க்கரை டப்பாவை நகர்த்தினாள்.

செப்டம்பர் 12, வியாழன்

அண்ணன் ஓசூர் போனான். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் இங்கே வருகிறோம் என்றான். பார்க்கவா, தங்கவா என்று கேட்டேன். சாப்பிட என்றான்.

செப்டம்பர் 27, வெள்ளி

பேச்சியக்காவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். சேவைக்காரர்கள் அவளை நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். என்னையும் திட்ட சூப்பர்வைசர் நேரில் வந்தார். நான் பதில் சொல்லச் சொல்ல, அவர் புரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். விழித்தார். மறுபடி மெதுவாகச் சொன்னேன். இந்த முறை கேட்டார். எனக்கு யார் வரவேண்டும் என்பதை என்னிடம் கேட்கவேண்டும் என்றேன். எழுதிக்கொண்டார்.

பேச்சியக்காவின் இடது கை மெலிந்து வெளுத்துப்போயிருக்கிறது. டாக்டர் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருக்கிறார். என் இடது கைக்கும் ஒரு பந்து வாங்கி வந்தாள். என்னுடையது ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது, அமுக்க ஒன்றுமில்லை என்றேன். சும்மா வச்சுக்கோ என்றாள்.

தேங்காய் வாங்கினோம்.

அக்டோபர் 17, வியாழன்

மத்தியானம் நான் மட்டும் வெளியே போனேன். எமிலி டீச்சருக்கு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

ஆட்டோக்காரருக்கு நாற்காலியை மடிக்கத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தேன். கூட யாரும் வரலியாம்மா என்றார். இல்லை என்றேன். எங்கே போகவேண்டும் என்று கேட்டார், சொன்னேன். இரண்டாம் தடவை சொன்னதும் புரிந்தது. போகிற வழியில், மெழுகுவத்தி வாங்கணுமாம்மா என்று கேட்டு ஒரு கடையில் நிறுத்தினார். வாங்கினேன். காலையில் பெய்த மழையில் தரை நெகிழ்ந்து கிடந்தது. ஒரு இடத்தில் சக்கரம் புதைந்துவிட்டது. அவர் வந்து தள்ளிவிட்டு, தூரமாகப் போய் நின்றுகொண்டார். சிலுவைக்குக் கீழே ஏற்றிய மெழுகுவத்தி காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாவது முறை நின்றது.

திரும்பி வந்தபோது பேச்சியக்கா வந்திருந்தாள்.

"எங்கட்டி போன?"

"சும்மா வெளிய."

அண்ணனும் போனில் கேட்டான். அவனிடமும் அதையேதான் சொன்னேன். எங்கே என்று இங்கேயும் எழுதப் போவதில்லை.

பேச்சியக்கா சக்கரத்தில் அப்பியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள். என் விரலில் காய்ந்திருந்த மெழுகைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் துணியை நனைத்துக்கொண்டு வந்து சக்கரத்தைத் துடைத்தாள். விரலைத் துடைக்க வந்தபோது கையை இழுத்துக்கொண்டேன்.

அதை நானே மெதுவாகச் சுரண்டி எடுத்தேன்.